பூக்கொடிப் பெட்டிகளும் கலையே

அமெரிக்காவில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்கள், அவர்களுடைய வழித்தோன்றல்கள் ஆகியோரின் கலைக் கண்காட்சியைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, ஓவியர் பிர்கர் சான்ட்சேனின் நிலக்காட்சிகளுக்கு உரிய மதிப்பை அளித்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. 1894-இல் சுவீடனிலிருந்து கான்சாஸ் மாநிலத்தின் லிண்ட்ஸ்போர்க் என்ற சிற்றூருக்கு ஆசிரியராக வந்த அவர், பாறைகளையும் ஓடைக்கரை மரங்களையும் ஊதாவிலும் இளஞ்சிவப்பிலும் வரைந்தார். வண்ணத்தைத் தடிமனாக அப்பியிருப்பதால், பக்கவாட்டில் நின்று பார்த்தால் தூரிகை சென்ற தடம் வரப்பு வரப்பாகத் தெரியும்.

ஆயினும், ‘கைவினை’ என்று கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்ட பகுதியே என்னை அதிகம் ஈர்க்கிறது. ரோஸ்மாலிங் என்னும் நார்வே மர ஓவிய மரபுக்கு விஸ்கான்சினின் ஸ்டோட்டன் நகரில் புத்துயிர் தந்த பேர் லிஸ்னே என்ற ஓவியர், 1907-இல் நார்வேயிலிருந்து குடியேறி, தொழிற்சாலையில் வண்டிகளுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்தவர். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில்தான் மரத் தட்டுகளில் சுருள் கொடிகளைத் தீட்டி விற்று வாழ்ந்தார். மினசோட்டா விவசாயி லார்ஸ் கிறிஸ்டென்சன் ஆண்டுக்கணக்கில் செதுக்கிய மரப் பலிபீடம் அயோவாவின் வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகத்தில் உள்ளது. கப்பலேறி வந்த பயணப் பெட்டிகளின் முகப்பிலோ, உரியவர் பெயரும் ஆண்டும் பூக்கொடிகளுக்கு நடுவே எழுதப்பட்டிருக்கும். இவற்றைத் தனி அறைக்கு ஒதுக்காமல், சான்ட்சேனின் ஓவியங்களுக்கு அருகிலேயே, அதே வெளிச்சத்தில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.