காலி காரை ஓட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

சின்ன ஹேட்ச்பேக் வாங்கப் போகிறவர்கள் இரண்டு மூன்று மாடல்களைக் குறித்துவைத்துக்கொண்டு, ஹெச்.பி. எவ்வளவு, ஸ்கிரீன் எத்தனை இன்ச், ஏர்பேக் எத்தனை என்று பட்டியல் போடுகிறார்கள். பிறகு ஷோரூமுக்குப் போய், சேல்ஸ்மேனைப் பக்கத்தில் உட்கார வைத்து, பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எல்லா சின்ன காரும் நன்றாகத்தான் ஓடும். எது எப்படிப்பட்ட கார் என்று தெரிய வேண்டுமென்றால் ஆளை ஏற்ற வேண்டும்.

கணக்கு எளிது. ஆளுக்கு 70 கிலோ வைத்தால் நாலு பேர் 280 கிலோ. டிக்கியில் 40 கிலோ சாமான். மொத்தம் 320 கிலோ. 1,800 கிலோ எடையுள்ள எஸ்யூவிக்கு இது அதன் சொந்த எடையில் 18 சதவீதம் கூட இல்லை. 900 கிலோ ஹேட்ச்பேக்குக்கோ 35 சதவீதத்துக்கு மேல். ஆள் ஏறியதும் அது வேறு காராகவே மாறிவிடுகிறது: பிக்கப், பிரேக், ஸ்பிரிங், ஏசி, ஹெட்லைட் எல்லாமே. நாம் வாங்கப் போவது அந்த இரண்டாவது காரை. ஓட்டிப் பார்ப்பதோ முதல் காரை.

இன்னொரு கணக்கு. ஒரு கார் 900 கிலோ, 80 ஹெச்.பி. இன்னொன்று 1,100 கிலோ, 90 ஹெச்.பி. காலியாக இருக்கும்போது முதலாவதில் டன்னுக்கு 89 ஹெச்.பி., இரண்டாவதில் 82. டெஸ்ட் டிரைவில் முதல் கார் துள்ளிக்கொண்டு போகும், "இதுதான் பவர்" என்று தோன்றும். இரண்டிலும் அந்த 320 கிலோவை ஏற்றுங்கள். இப்போது 66, 63. ஏழு ஹெச்.பி. இடைவெளி மூன்றுக்குள் வந்துவிட்டது. தினமும் தனியாக வேலைக்குப் போகிறவருக்கு லேசான கார் தரும் சுறுசுறுப்பு நிஜமானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. குடும்பத்தோடு போகிறவர் அதற்காகவே ஒரு காரைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவார்.

ஷோரூமுக்குப் போகும் முன்பே எந்த வேரியண்ட் வாங்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஓட்டக் கொடுப்பது பெரும்பாலும் டாப் மாடலாகவே இருக்கும். நீங்கள் நடு வேரியண்ட் வாங்குவதாக இருந்தால் அதில் டயர் வேறு, சீட் வேறு, சில கார்களில் இன்ஜினே வேறு. டயரை மட்டும் பாருங்கள். ஒரே காரின் மூன்று வேரியண்டில் 165/80 ஆர்14, 185/65 ஆர்15, 195/55 ஆர்16 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம் (முதல் எண் டயரின் அகலம் மி.மீ.-இல், இரண்டாவது சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், கடைசி எண் ரிம் எத்தனை இன்ச்). மூன்றுக்கும் வெளிச்சுற்று விட்டம் கிட்டத்தட்ட ஒன்றேதான், 620 மி.மீ. ரிம் பெரிதாகப் பெரிதாக ரப்பர் சுவர் மெலிகிறது: முதலாவதில் 132 மி.மீ., இரண்டாவதில் 120, மூன்றாவதில் 107. பள்ளத்தில் விழும்போது முதல் அடியை வாங்குவது அந்தச் சுவர்தான். 25 மி.மீ. குறைந்தால் சாலையின் கரடுமுரடு முதுகுக்கு வரும், சுவரில் புடைப்பு எழும், அலாய் வீல் விளிம்பு கோணலாகும். கார் நிறைய ஆள் இருக்கும்போது இது இன்னும் மோசம். அகல டயர் வளைவில் பிடிப்பு தரும், உண்மை. ஆனால் சின்ன காருக்கு 14 அல்லது 15 இன்ச்சே போதும் என்பது என் உறுதியான கருத்து. 16 இன்ச் அலாய் போட்ட காரை ஓட்டிவிட்டு, "சஸ்பென்ஷன் கடினம்" என்று அந்த மாடலையே ஒதுக்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அங்கே கடினமாக இருந்தது டயர்.

இதோடு டெஸ்ட் டிரைவ் காரின் காற்றழுத்தத்தையும் பாருங்கள். டிரைவர் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் எவ்வளவு, முழுக்க நிறைந்தால் எவ்வளவு என்று பல கார்களில் இரண்டு அளவு போட்டிருப்பார்கள். ஒரு காரில் 40 பிஎஸ்ஐ, இன்னொன்றில் 30 என்று இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது காற்றை.

போட்டி கார்கள் என்று நினைப்பவை உண்மையில் ஒரே காரா என்றும் விசாரியுங்கள். டொயோட்டா அய்கோ, சிட்ரோயன் சி1, பெஜோ 107 மூன்றும் 2005 முதல் செக் குடியரசின் கோலின் நகரில் ஒரே தொழிற்சாலையில் ஒரே அடித்தளத்தில் செய்யப்பட்டவை. ஃபோக்ஸ்வாகன் அப், ஸ்கோடா சிட்டிகோ, சியாட் மீ மூன்றும் அப்படியே. இப்படிப்பட்ட ஜோடி கிடைத்தால் ஓட்டிப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாரண்டி, சர்வீஸ் சென்டர் தூரம், கையிருப்பு, இவற்றை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாம்.

இனி ஆளேற்றி ஓட்டுவதற்கு வருவோம். ஏற்றமான இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாலமோ, மாடி பார்க்கிங்கின் சரிவோ எதுவானாலும் சரி. ஏசியைப் போட்டுக்கொண்டு, நாலு பேரோடு, சரிவின் நடுவில் நிறுத்தி மறுபடி எடுங்கள். டர்போ (இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சாதனம்) இல்லாத 1.2 லிட்டர் இன்ஜின்களில் அதிகபட்ச டார்க், அதாவது சுழற்றும் விசை, பெரும்பாலும் 4,000 ஆர்பிஎம்-ஐ (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஒட்டித்தான் கிடைக்கும். ஆனால் மிதித்த அளவுக்கு இழுக்கும், திடீர் மாற்றம் இருக்காது. 1.0 லிட்டர் டர்போவில் 1,500 முதல் 2,000 ஆர்பிஎம்-க்குள்ளேயே முழு டார்க் வந்துவிடும். நெடுஞ்சாலையில் முந்தும்போது அந்த இன்ஜின் கொடுக்கும் நம்பிக்கை வேறு. ஆனால் 1,200 ஆர்பிஎம்-இல், சரிவில், முழு பாரத்தோடு நிற்கும்போது டர்போ இன்னும் விழித்திருக்காது. அந்தக் கணத்தில் உங்கள் கையில் இருப்பது வெறும் ஒரு லிட்டர் இன்ஜின். அங்கே அணைந்து போகிறதா, கிளட்ச்சை அதிகம் தேய்க்க வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். சேல்ஸ்மேன் தேர்ந்தெடுக்கும் சமதளச் சாலையில் இது ஒருபோதும் தெரியாது.

மூன்று சிலிண்டரா, நாலா என்ற கேள்விக்கு ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, விடை இருக்கிறது. நாலு சிலிண்டரில் கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) 180 டிகிரி சுற்றுவதற்குள் ஒரு வெடிப்பு. மூன்றில் 240 டிகிரிக்கு ஒன்று. அதோடு மூன்று சிலிண்டர் இன்ஜின் முன்னும் பின்னும் ஊஞ்சலாடும் தன்மை கொண்டது. நல்ல இன்ஜின் மவுண்ட் இருந்தால் இது அடங்கிவிடும். சோதிக்க, ஏசி கம்ப்ரசர் ஓடும்போது வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் கை வைத்து, கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் உருவம் நடுங்குகிறதா என்று பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் வாங்குபவர்கள் இந்தச் சரிவிலேயே நிறைய நேரம் செலவிட வேண்டும். ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் காலும் கையும் செய்வதற்குப் பதில் ஓர் எந்திரம் செய்கிறது. கியர் மாறும் நொடியில் இழுவை அறுந்துபோகும், தலை முன்னே ஒருமுறை ஆடும். பாரம் ஏறியபோது அந்த இடைவெளி இன்னும் நீளமாகத் தெரியும். ஏஎம்டியைச் சரிவில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடியே நிறுத்தி வைப்பது பலருக்குப் பழக்கம். கிளட்ச் அங்கேதான் தேய்ந்து சூடாகிறது, கருகல் வாடை வருவதும் அதனால்தான். பிரேக்கில் நிறுத்த வேண்டும். ஹில் ஹோல்ட் (சரிவில் பிரேக்கை விட்டதும் கார் உருளாமல் சில நொடி பிடித்து வைக்கும் வசதி) இருக்கும் வேரியண்ட்டாகவே எடுக்க வேண்டும். ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் உள்ள டூயல் கிளட்ச் (இரட்டை கிளட்ச்) கியர்பாக்ஸுக்கும் ஊர்ந்து போகும் நெரிசலில் இதே சூட்டுப் பிரச்சினைதான். தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் இயங்கும் சிவிடியில் ஆட்டமே இருக்காது, ஆனால் அழுத்தி மிதித்தால் இன்ஜின் முதலில் கத்தும், வேகம் பிறகுதான் வரும். கிளட்ச்சுக்குப் பதில் திரவம் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் நெரிசலுக்கு மிக நிதானமானது, கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். எந்த ஆட்டோமேட்டிக் ஆனாலும் ஒரு சோதனை கட்டாயம்: சரிவில் ரிவர்ஸ் போட்டு, மேல்நோக்கி, ஓர் அடி ஓர் அடியாக நகர்த்திப் பாருங்கள். பார்க்கிங்கில் தினமும் செய்யப்போவது அதைத்தான்.

சஸ்பென்ஷனில் காகிதத்தில் ஒப்பிட எதுவும் இல்லை. முன்னால் மெக்பர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு சக்கரங்களையும் இணைக்கும் முறுக்குத் தண்டு). இந்த வகுப்பில் கிட்டத்தட்ட எல்லோரும் இதையே போடுகிறார்கள். வித்தியாசம் ஸ்பிரிங்கிலும் டேம்பரிலும் (ஷாக் அப்சார்பர்) ரப்பர் புஷ்ஷிலும் இருக்கிறது. பின் சீட்டில் உட்கார்பவர்கள் பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறார்கள், டிக்கி சாமான் அதற்கு மேலேயே இருக்கிறது. ஆகவே ஏற்றும் எடையில் பெரும்பகுதி பின் ஸ்பிரிங்குக்கு. அதை மென்மையாக வைத்தால் காலியாக மிதக்கும், நிறைந்தால் அடிவாங்கும். கடினமாக வைத்தால் நிறைந்தபோது நிதானமாகப் போகும், காலியாகத் தூக்கிப்போடும்.

ஒரு அளவு டேப் கொண்டுபோங்கள். பின் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே வீல் ஆர்ச் விளிம்பு வரை காலியாக ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேரைப் பின்னால் உட்கார வைத்து, காரை இரண்டு அடி முன்னே நகர்த்தி நிறுத்தி, மறுபடி அளந்து பாருங்கள். நகர்த்தாமல் அளந்தால் டயர் உராய்வில் ஸ்பிரிங் முழுக்க இறங்கியிருக்காது. இரண்டு கார்களிலும் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதிக்கொண்டு, அதே பாரத்தோடு அதே ஸ்பீடு பிரேக்கரை 20 கி.மீ. வேகத்தில் கடந்து பாருங்கள். பின்னாலிருந்து 'தட்' என்று ஒரு மொட்டைச் சத்தம் வந்தால் சஸ்பென்ஷன் கடைசி ரப்பரில் போய் இடிக்கிறது. புரோஷரில் போட்டிருக்கும் கிரவுண்ட் கிளியரன்ஸ் காலி காருக்கா, பாரத்தோடா என்று கேளுங்கள். அது சொல்லாமல் கொடுக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை.

பின்பக்கம் இறங்கினால் மூக்கு தூக்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதற்காகத்தான் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்ன உருளை இருக்கிறது. ஆள் ஏறினால் எண்ணைக் கூட்டி வெளிச்சத்தைத் தாழ்த்த வேண்டும். நீங்கள் பார்க்கும் வேரியண்ட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

பின் சீட். டிரைவர் சீட்டை உங்களுக்கு ஏற்றபடி வைத்து, இறங்கி, அதன் பின்னாலேயே போய் உட்காருங்கள். முழங்காலுக்கு இடம் இருக்கிறதா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். முன் சீட்டின் உயரத்தைக் குறைத்தால் அதன் அடியில் பாதம் நுழையாமல் போகும் கார்கள் உண்டு. தொடைக்கு அடியில் சீட் தாங்குகிறதா, முழங்கால் மேலே தூக்கி நிற்கிறதா? அரை மணி நேரத்துக்குப் பிறகு இடுப்பு வலி வருவது இதனால்தான். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையே ஏறி இறங்கச் சொல்லுங்கள். கதவு எவ்வளவு அகலத் திறக்கிறது, சீட் இடுப்பு உயரத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

பாதுகாப்பிலும் பின் சீட்டைத்தான் முதலில் பார்ப்பேன். முன்னால் எல்லோரும் கவனிக்கிறார்கள், நிறுவனங்கள் செலவை வெட்டுவது பின்னால்தான். நடு ஆளுக்கு இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் கொடுக்கும் காரை ஐந்து சீட் கார் என்று நான் ஏற்கமாட்டேன். தோளிலும் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் மூவருக்கும் வேண்டும். ஹெட்ரெஸ்ட் சீட்டோடு சேர்த்து வார்த்ததாக இருந்தால் உயரமானவருக்குக் கழுத்தில் வந்து நிற்கும், பின்னால் இடித்தால் அதனால் பயனில்லை. அது தலையின் உச்சி வரை வர வேண்டும், குறைந்தது காதுக்கு மேலாவது. ஆறு ஏர்பேக் என்றால் பொதுவாக முன்னால் இரண்டு, முன் சீட்டுகளின் பக்கவாட்டில் இரண்டு, ஜன்னல் மேல் திரை போல இறங்கும் கர்ட்டன் இரண்டு. இவற்றில் பின்னால் இருப்பவரைக் காப்பது கர்ட்டன் மட்டும்தான். குழந்தை இருந்தால் குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோபிக்ஸ் கொக்கியை விரலால் தொட்டுப் பாருங்கள், மேல் பட்டை மாட்டும் இடத்தையும் கேளுங்கள்.

என்கேப் (காரை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் திட்டம்) தரும் நட்சத்திரத்தை வருடத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். யூரோ என்கேப் 1997இல் முதல் முடிவுகளை வெளியிட்டதிலிருந்து சோதனை பலமுறை கடினமாகியிருக்கிறது. 2020 முதல் முன்பக்க மோதலின் முறையே மாறிவிட்டது. முன்பு அசையாத தடுப்பில் கார் 64 கி.மீ. வேகத்தில் மோதியது, இப்போது காரும் எதிரே வரும் தடுப்பு வண்டியும் தலா 50 கி.மீ. வேகத்தில் மோதுகின்றன. பழைய ஐந்தும் புதிய நாலும் ஒப்பிடத்தக்கவையே அல்ல. சோதித்த வேரியண்ட்டில் எத்தனை ஏர்பேக் இருந்தது, இஎஸ்சி (கார் வழுக்கும்போது தானாகப் பிரேக் பிடித்து நிலைநிறுத்தும் அமைப்பு) இருந்ததா என்றும் அறிக்கையில் இருக்கும், படியுங்கள். இஎஸ்சி இல்லாத காரை ஒப்பீட்டிலேயே சேர்க்காதீர்கள்.

டிக்கி லிட்டர் கணக்கு பலரைக் குழப்புகிறது. அதை அளக்கப் பரவலாகப் பயன்படும் முறையில் 20×10×5 செ.மீ. கட்டைகளை அடுக்கி எண்ணுகிறார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். சந்து பொந்தெல்லாம் கட்டை நுழையும், உங்கள் பெட்டி நுழையாது. பெட்டியைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், விளிம்பு எவ்வளவு உயரம் தூக்க வேண்டியிருக்கிறது என்றும் பாருங்கள். தரையைத் தூக்கி ஸ்டெப்னியையும் பார்க்க வேண்டும். சில கார்களில் அது மெல்லிய தற்காலிகச் சக்கரம், பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. சிலவற்றில் ஒட்டும் திரவமும் பம்ப்பும் மட்டும். சுவர் கிழிந்தால் அது உதவாது.

மைலேஜைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. லிட்டருக்கு 18க்கும் 21க்கும் உள்ள வித்தியாசம் வருடம் 10,000 கி.மீ. ஓட்டினால் சுமார் 80 லிட்டர். உங்கள் ஓட்டத்துக்கு அதைக் கணக்கிட்டு, இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தோடு வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கேள்வியே தீர்ந்துவிடும். அதைவிட உதிரிபாக விலை முக்கியம். ஹெட்லைட் முழு செட், முன் பம்பர், சைடு மிரர், முன் கண்ணாடி, கிளட்ச் செட், பின் ஷாக் அப்சார்பர் ஆகிய ஆறின் விலையையும் இரண்டு சர்வீஸ் சென்டரிலும் எழுதி வாங்குங்கள். முன் கண்ணாடியில் கேமரா இருந்தால், மாற்றும்போது அதைச் சரிபார்த்து அமைக்கத் தனிக் கூலி. இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குவது டைமிங் செயினா, பெல்ட்டா, ஆயிலில் நனையும் பெல்ட்டா என்றும் கேளுங்கள். நனையும் வகையில் தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட் உரிந்து, துகள் ஆயில் பம்ப் வடிகட்டியை அடைத்து, இன்ஜினே போய்விடும். அப்படிப்பட்ட கார் வாங்கினால் குறிப்பேட்டில் சொன்ன ஆயிலைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது.

நாலு பேரோடு சரிவில் ஓட்ட விடமாட்டோம் என்று ஷோரூமில் சொன்னால் வாதாட வேண்டாம். அந்த மாடல் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாள் எடுத்து, குடும்பத்தையும் பெட்டியையும் ஏற்றி, பகல் வெயிலில் நிறுத்தி வைத்து ஏசி ஐடிலிங்கில் பின் சீட் வரை குளிர்விக்கிறதா என்று பார்த்து, இரவில் விளக்கில்லாத சாலையிலும் ஓட்டுங்கள். எடுக்கும்போது பதிவு ஆவணத்தில் வருடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கு மட்டும் மாறியதாகத் தோன்றும் புதுப்பிப்பில் இன்ஜினோ கியர்பாக்ஸோ மாறியிருந்தால், நீங்கள் வாடகைக்கு ஓட்டியது விற்பனையில் இருக்கும் கார் அல்ல.