கறிவேப்பிலைத் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இப்போது வெறும் வயிற்றில் கறிவேப்பிலைத் தண்ணீர் குடிக்காத வீடு குறைவு. கேட்டால், "சுகர் இறங்கும், ஆராய்ச்சியே சொல்லுது" என்பார்கள்.

ஆராய்ச்சி நடந்தது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் எலிகளிடம், வற்றவைத்த செறிவான சாற்றைக் கொடுத்து நடந்தவை. பேசப்படுகிற சரக்கு மஹானிம்பின், கிரினிம்பின் போன்ற கார்பசோல் ஆல்கலாய்டுகள், அதாவது இலையில் இருக்கும் ஒருவகை வேதிப்பொருட்கள். இவை எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும், தண்ணீரில் லேசில் இறங்காது. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினும் அப்படித்தான். தண்ணீரைக் குடித்துவிட்டு இலையைக் கொட்டினால் நல்லதில் பெரும்பங்கு குப்பைக்குப் போகிறது. கால்சியமும் நிறைய உண்டு. கூடவே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதில் ஒரு பங்கை உடலில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும்.

என்னைக் கேட்டால் பொடிதான் சரி. ஈர்க்கு நீக்கிய இலை 100 கிராம் எடுத்துக் கழுவி, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கையில் நொறுங்க வேண்டும். எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். வெயிலில் போட்டால் நிறமும் வாசமும் போய்விடும். இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெயில் உளுந்து மூன்று மேசைக்கரண்டி, வற்றல் மிளகாய் ஆறு, கொஞ்சம் புளி வறுத்து, அடுப்பை அணைத்தபிறகு இலையைப் போட்டுப் புரட்டுங்கள். எண்ணெய் புகையும்போது போட்டால் கருகிக் கசக்கும். நன்றாக ஆறியபின் உப்பு சேர்த்து அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி கோத்துக் கட்டி பிடிக்கும், நாலு நாளில் பூஞ்சை வரும். சோற்றில் ஒரு டீஸ்பூன் பொடி, மேலே கொஞ்சம் எண்ணெய். அவ்வளவு போதும்.

சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்பாதீர்கள். கடையில் விற்கும் கறிவேப்பிலை எக்ஸ்ட்ராக்ட் (செறிவான சாறு) கேப்சூலை சுகர் மாத்திரையோடு சேர்த்துப் போடுவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள், லோ சுகர் ஆகலாம்.

எனக்குப் பெரிய கவலை செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதுதான். திருவனந்தபுரம் வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகச் சோதனைகளில் கடைக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் பலமுறை சிக்கியிருக்கிறது. புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் அலசினால் மேலே படிந்தது குறையும். இலைக்குள் ஊடுருவியது போகாது. பொடியில் இலை மொத்தமும் வயிற்றுக்குள் போகிறது, அதனால் வீட்டுச் செடியே மேல். நுனியையும் பூங்கொத்தையும் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடித்து இலை தழைக்கும். பச்சைப் புழு வந்தால் கையால் பொறுக்கிப் போடுங்கள், மருந்தே வேண்டாம்.