மூன்று மாடு மிஞ்சினால் பறக்கலாம்

செஸ், கோ, கட்டான் ஆகிய பலகை ஆட்டங்களின் வெற்றி விதிகளை உங்கள் கட்டுரையில் அருமையாக ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் எங்கள் தென்னாப்பிரிக்காவின் மொரபராபா என்ற பலகை ஆட்டம் அதில் இல்லாதது எனக்கு வருத்தம்தான். இங்கே டர்பனில் என் பிள்ளைகள் ஜூலு நண்பர்களோடு விரும்பி ஆடுவது இதைத்தான்.

பலகையில் 24 புள்ளிகள், ஆளுக்கு 12 காய்கள். காய்களை மாடு என்பார்கள். மூன்றை ஒரே கோட்டில் சேர்த்தால் எதிராளியின் மாடு ஒன்றைச் சுட்டு எடுக்கலாம். அவருக்கு இரண்டே மாடு மிஞ்சினாலோ நகர வழியில்லாமல் போனாலோ ஜெயித்தாயிற்று.

இதில் அழகே கடைசிக் கட்டம். மூன்று மாடுகளாகக் குறைந்தவர் பக்கத்துப் புள்ளிக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, காலியான எந்தப் புள்ளிக்கும் பறக்கலாம். ஆக, எதிராளியிடம் நான்கு மாடு இருக்கும்போது அவசரப்பட்டு ஒன்றைச் சுட்டால் அவருக்குச் சிறகு கொடுத்த மாதிரி! நல்ல ஆட்டக்காரர் முதலில் இரண்டு கோடுகளைத் தயாராக வைத்துக்கொண்டு அப்புறம்தான் சுடுவார். பறப்பவரால் ஒரு நகர்வில் ஒன்றைத்தானே மறிக்க முடியும்? தோற்பவருக்குப் பலம் தரும் இப்படியொரு விதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

அப்புறம் ஒன்று. இரு தரப்புக்கும் வேறுவேறு வெற்றி விதி வைப்பது இக்கால யோசனை என்று எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. நம் ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகள் தாண்டி வெட்டும், 15 ஆடுகள் சுற்றி வளைத்து அடைக்கும். அடுத்த பகுதியில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா.