அங்கே மலை சரிந்தால் இங்கே விலை ஏறுமாம்

இலங்கையில் டித்வா புயல் அடித்த பிறகு, இங்கே நீலகிரியில் ஒரு கூட்டத்தில் தேயிலைத் தொழிலில் இருக்கும் பெரியவர் ஒருவர் பேசிய பேச்சைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். காணொளி கோத்தகிரியில் சுற்றாத வாட்ஸ்அப் குழு இல்லை, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் நேற்று அதன் கீழே படித்த பிள்ளைகள், எனக்கு நன்றாகத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள், "ஐயா சொன்னதில் என்ன தவறு, யதார்த்தம்தானே?" என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

"இலங்கையில் மலை சரிந்து கிடக்கிறது. அவர்கள் தேயிலை எழுந்து நிற்க இரண்டு வருஷம் ஆகும். நம் இலைக்குக் கடவுள் கண் திறந்துவிட்டார்." மேடையில் சொல்லப்பட்டது இதுதான். கைதட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களும் தட்டினார்கள்.

2025 நவம்பர் இறுதியில் வந்த அந்த டித்வா புயலில் இலங்கையில் 600 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை என்று மலையகம் முழுக்க மண் இறங்கியிருக்கிறது. புதைந்தவர்களைத் தோண்டி முடிப்பதற்குள் இங்கே விலைக் கணக்குப் போட்டாகிவிட்டது.

நான் விலையே ஏறாது என்று சொல்ல வரவில்லை. ஒரு நாட்டில் வெள்ளமோ வறட்சியோ வந்தால் அந்த நாட்டின் சரக்கு குறையும், அதே சரக்கு வைத்திருக்கும் இன்னொரு நாட்டில் விலை ஏறும். இதைச் சொல்லித் தர மேடை தேவையில்லை. நான் கேட்பது வேறு. அப்படி ஏறிய காசு எப்போதாவது கொழுந்து கிள்ளுகிறவர் கைக்கு, கேரட் பிடுங்குகிறவர் கைக்கு வந்திருக்கிறதா? பேரிடரில் ஏறுகிற விலை விவசாயியின் விலை அல்ல. யார் கிடங்கில் சரக்கு இருக்கிறதோ அவருடைய விலை.

முதலில் அந்தத் தேயிலைக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இலங்கை ஆண்டுக்குச் சுமார் 25 கோடி கிலோ தேயிலை தயாரிக்கிறது. பெரும்பகுதி ஆர்த்தடாக்ஸ், அதாவது இலையை உருட்டிப் பக்குவப்படுத்தும் ரகம். ஈராக், ரஷ்யா, துருக்கி, வளைகுடா நாடுகள் எல்லாம் வாங்குவது அந்த ரகத்தைத்தான். நம் சிறு விவசாயியின் இலை எங்கே போகிறது? ஏஜென்ட் வண்டியில் ஏறித் தனியார் தொழிற்சாலைக்கோ கூட்டுறவுத் தொழிற்சாலைக்கோ போகிறது. அங்கே அது பெரும்பாலும் சிடிசி தூளாகிறது, அதாவது இயந்திரத்தில் நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய தூள். நம் ஊர் டீக்கடையில் பாலோடு கொதிக்கிற தூள் அது. பாலில்லாமல் கண்ணாடிக் குவளையில் தேநீர் குடிக்கிற பாக்தாத்காரர் அதை ஏன் கேட்கப் போகிறார்? ஆர்த்தடாக்ஸ் இயந்திரம் வைத்திருக்கும் பெரிய எஸ்டேட்டுகளுக்கு ஆர்டர் கூடலாம். அசாமுக்குக் கூடலாம். அரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு அதில் என்ன இருக்கிறது?

இன்னொன்று. இலங்கைத் தேயிலையில் பாதிக்கு மேல் விளைவது நுவரெலியா உச்சியில் அல்ல. இரத்தினபுரி, காலி, மாத்தறைப் பக்கத்துத் தாழ்நிலத்தில். அங்கேயும் நம்மைப் போன்ற சிறு விவசாயிகள்தான் அதிகம். மலையகத்தில் மண் சரிந்ததால் இலங்கைத் தேயிலையே படுத்துவிட்டது என்று, இத்தனை காலம் தேயிலைத் தொழிலில் இருக்கும் ஒருவர் பேசலாமா?

சரி, அவர் சொல்வது போலவே ஏலத்தில் விலை ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். நாலு, நாலரை கிலோ பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள். இலையின் குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் மாதா மாதம் அறிவிக்கிறது. குன்னூர் தேயிலை ஏலத்தின் சராசரியைப் பிடித்துத்தான் அந்தக் கணக்கு. ஏலத்தில் ஏறிய விலை கணக்காகி, அறிவிப்பாகி, இலை போட்டதற்கு நமக்குத் தரும் கணக்குச் சீட்டில் வந்து சேர்வதற்குள் ஏலம் இறங்கிவிடுகிறது. இறங்கும்போது மட்டும் தாமதமே இல்லை. நடுவில் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பதைக் கேட்க ஆளில்லை. கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டு 2023 செப்டம்பரில் படுகர் கிராமங்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தனவே, அந்தப் போராட்டத்தில் எங்கள் வீட்டுப் பெண்களும் போய் உட்கார்ந்தார்கள். அந்த விலையைக் கொடுக்க வேண்டியவர்கள் யார் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்றைக்குப் புயல் வந்து கொடுக்கும் என்று காத்திருக்கச் சொல்கிறார்கள். போராட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, அடுத்தவன் வீட்டு இழவைக் காட்டி நம்மைச் சமாதானப்படுத்துகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

"கென்யாவில் வறட்சி வந்தபோது ஏறவில்லையா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கென்யா தயாரிப்பது சிடிசி. அதனால் அந்த ஒப்பீட்டில் கொஞ்சம் நியாயம் உண்டு, போகட்டும். ஆனால் 2017-இல் அங்கே உற்பத்தி விழுந்தபோது உங்கள் வீட்டுக்கு எவ்வளவு கூடுதலாக வந்தது என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள் தம்பி. சீட்டெல்லாம் அவர்தான் எடுத்து வைத்திருப்பார்.

நம் மலையிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2009 நவம்பர். அப்பா அப்போது கேத்தி பக்கம் குத்தகைக்குக் கேரட் போட்டிருந்தார். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ரோடு எத்தனை இடத்தில் அறுந்தது என்று எண்ணவே முடியவில்லை. பிடுங்கியிருந்த கேரட் மூட்டைகள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வழியில்லாமல் தெருவோரத்தில் கிடந்து அழுகின. பிடுங்காதது மண்ணோடு போய்விட்டது. வழி திறந்து அப்பா மண்டிக்குப் போனபோது கேரட் நல்ல விலையில் இருந்தது. விற்க அவரிடம் கேரட் இல்லை. விற்றுக்கொண்டிருந்தவர்கள் வேறு ஊர்ச் சரக்கை இறக்கியவர்கள். நிவாரணம் கேட்டு மனு கொடுத்தால் பட்டா யார் பெயரில் என்று கேட்டார்கள். குத்தகைக்காரனுக்கு ஏது பட்டா? மண்ணின் சொந்தக்காரர் பெயரில் பணம் வந்தது. மண்ணில் விதையும் உரமும் கடனும் போட்டவர் வெறுங்கையோடு வந்தார்.

அந்த வாரம் எங்கோ ஒரு சமவெளி ஊரில் ஒருவர் மேடையேறி, "நீலகிரியில் மலை சரிந்துவிட்டது, நம் கேரட்டுக்குக் கடவுள் கண் திறந்தார்" என்று பேசியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்? 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரு நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோது யாராவது கைதட்டியிருந்தால்? இங்கே மண் சரிவு என்றால் என்ன என்று தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இல்லை. தெரிந்தும் தட்டினார்கள்.

"விலை ஏறினால் நம் விவசாயி கொஞ்சம் சம்பாதிக்கக் கூடாதா? அதற்கும் பொறாமையா?" இப்படியும் ஒரு கேள்வி. விவசாயி சம்பாதிக்கத் தொடங்கும் நாளில்தான் அரசாங்கம் விழித்துக்கொள்ளும் என்பதை மறந்துவிட்டீர்களா? 2022 மார்ச்சில் வெயில் கோதுமையைச் சுட்டது, மே மாதம் ஏற்றுமதிக்குத் தடை. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை. அதே ஆண்டு ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்ட். வெங்காயத்துக்கு முதலில் 40 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள், டிசம்பரில் தடையே வந்தது. நாசிக் விவசாயிகள் ஏலத்தை நிறுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். நகரத்துக்காரர் வயிறு எரியக் கூடாது என்பதற்காகக் கதவை மூடினார்கள், அதையும் நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாசிக்கில் கதவை மூடினால் யார் வயிறு எரிந்தது தெரியுமா? நம் வெங்காயத்தை நம்பியிருந்த கொழும்பிலும் டாக்காவிலும் காத்மாண்டுவிலும் விலை பறந்தது. இலங்கைக்கு 10,000 டன் தனியாக அனுமதிக்க 2024 ஏப்ரல் வரை ஆனது. இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அத்தை அப்போது போனில், வெங்காயம் இல்லாமல் பருப்பு தாளிக்கப் பழகிவிட்டோம் என்றார். இங்கே மழை பொய்த்ததற்கு அங்கே அவர் வெங்காயம் இல்லாமல் சமைத்தார். நாசிக்கில் விளைவித்தவருக்கும் லாபமில்லை, தோட்டத்தில் தின்பவருக்கும் லாபமில்லை. மீண்டும் அதையேதான் சொல்கிறேன்: பேரிடரில் ஏறுகிற விலை விளைவிப்பவரின் விலை அல்ல.

இப்போது, யாரும் நேராகச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிச் சொல்வதற்கு வருகிறேன். "அவர் சிலோன்காரர் வீட்டுப் பெண், அதனால் உணர்ச்சிவசப்படுகிறார்."

ஆமாம். சிலோன்காரர் வீட்டுப் பெண்தான். நாங்கள் ஏன் சிலோனுக்குப் போனோம் என்று கேட்டிருக்கிறீர்களா? காப்பித் தோட்டக் காலத்திலிருந்தே நம் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தாது வருஷப் பஞ்சத்தில், 1876 முதல் 1878 வரை, மழை பொய்த்துச் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தபோது கூட்டம் கூட்டமாகப் போனார்கள். அந்தப் பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பசித்தவனிடம் காசில்லை, காசிருந்த இடத்துக்குத் தானியம் போனது. அன்றைக்கும் யாராவது இது நல்ல விலைக்கான நேரம் என்று சொல்லியிருப்பார். அவர் பேச்சுக்கும் நம் மேடைப் பேச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பசியில் தப்பிக் கடல் தாண்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நுவரெலியாவிலும் பதுளையிலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறையில் இருக்கிறார்கள்.

1964 அக்டோபரில் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து தோட்டத் தமிழர்களான எங்களைப் பங்கு போட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம். அப்பா தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கோத்தகிரிக்கு வந்தார். அவருடைய அக்கா அங்கேயே நின்றுவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே செடியின் இலையைக் கிள்ளிப் பழகியவர்கள். ஒருவர் இந்தக் கரை, ஒருவர் அந்தக் கரை. "அது வேறு நாடு" என்று எழுதியிருக்கிறீர்களே, யாரைப் பார்த்து எழுதினீர்கள்?

புயலுக்குப் பிறகு அத்தையிடம் பேச முடியாமல் தவித்த தவிப்பை நான் இங்கே எழுதப் போவதில்லை. லைன் கிடைத்ததும் அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். லயத்துக்குப் பின்னால் மலை வெடித்திருக்கிறது, எல்லோரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். மலையில் கொழுந்து முற்றிக்கொண்டிருக்கிறது, கிள்ளினால் கொண்டுபோக ரோடில்லை, ஃபேக்டரியில் மின்சாரமில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமில்லை. நிவாரணம் வருகிறவரை கடையில் கடன். பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் 2014-இல் லயங்களோடு மனிதர்களை மண் மூடியதே, அதற்குப் பிறகு மழை பெய்தால் அங்கே யாரும் கண் மூடித் தூங்குவதில்லை என்று அத்தை சொல்வார். நம் மாரப்பாலத்தில் 1993-இல் மண் சரிந்ததைப் பார்த்த குன்னூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரிந்த சரிவில் புதிதாகச் செடி வைத்தால் கொழுந்து கிள்ள மூன்று வருஷமாகும். மேல்மண் போன இடத்தில் அதுவும் நிச்சயமில்லை. மேடையில் சொன்ன "இரண்டு வருஷம்" என்பது, அந்தச் சரிவை நம்பி நாள் சம்பளம் வாங்கியவர்கள் வேலையில்லாமல் இருக்கும் காலம். அதைத்தான் நீங்கள் நமக்கு வரவாக எழுதிக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

பேசிய பெரியவர் மேல் எனக்குப் பகையில்லை. அப்பா இறந்தபோது முதலில் வந்து நின்றவர்களில் அவரும் ஒருவர். வேறு யாராவது சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன். ஐயா, அடுத்த கூட்டத்தில் அதே மேடையில் அந்த வாக்கியத்தை நீங்கள் திரும்பப் பெற வேண்டும். 33.50 எங்கே என்று யாரைக் கேட்க வேண்டுமோ அவர்களைக் கேளுங்கள், முதல் ஆளாக உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறேன்.

கைதட்டியவர்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. காணொளி கடல் தாண்டிப் போய்விட்டது. அத்தை மகள் அதை எனக்கே அனுப்பி, "இது உங்கள் ஊரில் பேசியதா?" என்று கேட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் போடவில்லை. என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்கள்.