ஷெர்லி கிளார்க் நடனத்தை விட்டாரா?

"நடனத்தில் பெரிதாக வர முடியவில்லை, அதனால் சினிமாவுக்கு வந்துவிட்டார்." அமெரிக்கத் திரைப்பட இயக்குநர் ஷெர்லி கிளார்க் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். போன வாரம் ஒரு நண்பரும் இதையே சொன்னார். அப்போது ஒன்றும் பேசாமல் வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

நியூயார்க்கில் 1919இல் பிறந்தவர். மார்த்தா கிரஹாம், டோரிஸ் ஹம்ப்ரி போன்றவர்களிடம் நவீன நடனம் கற்றவர். 1953இல் எடுத்த முதல் குறும்படமே நடனக் கலைஞர் டேனியல் நாக்ரின் ஆடுவதுதான். மேடையில் தொடங்கும் அசைவு வெட்டு விழுந்ததும் கடற்கரையில் தொடரும். இந்த உத்தி அவர் கண்டுபிடித்தது இல்லை. சோதனைப் பட இயக்குநர் மாயா டெரன் 1945இலேயே காட்டில் தூக்கிய காலை ஒரு வீட்டுக்குள் இறக்கிக் காட்டிவிட்டார். (டெரனும் கேத்தரின் டன்ஹமின் நடனக் குழுவில் செயலாளராக வேலை பார்த்தவர். என்ன பொருத்தம்!)

அப்புறம் 1958இல் நியூயார்க் பாலங்களை வைத்து ஒரு படம். ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த இரும்பு வளைவுகள் நகர்கின்றன, விலகுகின்றன, மறுபடி சேர்கின்றன. நடனம் தெரியாத ஒருவருக்கு அதை அப்படி வெட்டிச் சேர்க்கத் தோன்றியிருக்காது என்பது என் கட்சி.

1961இல் வந்த முதல் முழுநீளப் படம் 'தி கனெக்‌ஷன்'. ஓர் அறை, போதை மருந்துக்காகக் காத்திருக்கும் சிலர், நடுநடுவே ஜாஸ். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் காத்திருப்பு அவர்களுடைய தோளிலும் முழங்காலிலும் தெரிகிறது. பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று புரியும். படத்தில் வரும் ஒரு கெட்ட வார்த்தைக்காக நியூயார்க் தணிக்கைத் துறை அனுமதி மறுத்தது. வழக்கு நடத்தி 1962இல் ஜெயித்தார்.

கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் பற்றி அவர் இயக்கிய படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அந்தச் சிலை, படத்தின் தயாரிப்பாளர் கைக்குப் போனது. சரி, அது விதிமுறை.

'போர்ட்ரெயிட் ஆஃப் ஜேசன்' (1967) பற்றி எனக்கு இரண்டு மனது. செல்சி ஹோட்டலில் இருந்த தன் வீட்டில், ஒரே இரவில், சுமார் 12 மணி நேரம், ஒரே மனிதரைப் பேசவைத்து எடுத்தது. அவர் குடிக்கிறார், சிரிக்கிறார், வேஷம் கட்டிக் காட்டுகிறார், கடைசியில் அழுகிறார். ரீல் மாற்றும்போது திரை இருண்டாலும் குரல் நிற்பதில்லை. ஓர் உடல் சோர்ந்து சரிவதை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த படம் வேறு நினைவுக்கு வரவில்லை. ஆனால் கேமராவுக்குப் பின்னாலிருந்து அவரைச் சீண்டும் குரல்கள் கேட்கும்போது, போதும் விடுங்கள் என்று கத்தத் தோன்றும். இன்றுவரை அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த முழுநீளப் படம் 1985இல். நடுவில் 18 வருடம்! இயக்குநர் ஜோனஸ் மேகஸ் போன்றவர்களுடன் சேர்ந்து 1962இல் சுயாதீனப் படைப்பாளிகளுக்கான கூட்டுறவு அமைப்பை உருவாக்கியவருக்கே தன் படத்துக்குப் பணம் திரட்ட முடியவில்லை. திறமை குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

அந்த வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. வீடியோ கருவிகளோடு ஒரு குழுவை வைத்து விளையாடினார். மானிட்டர்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒருவர் முகம், நடுவில் இன்னொருவர் உடம்பு, கீழே வேறொருவர் கால்கள் என நேரலையில் ஒரு மனிதரை உருவாக்கினார்கள். இவரா நடனத்தை விட்டவர்?

1960களின் இறுதியில் எடுக்க ஆரம்பித்து நின்றுபோன, ஜாஸ் இசைக் கலைஞர் ஆர்னெட் கோல்மன் பற்றிய படத்தைத்தான் 1985இல் முடித்தார். 1997இல் இறந்தார்.

அவரைப் புதிதாகப் பார்ப்பவர்கள் பாலப் படத்தில் ஆரம்பியுங்கள். நான்கு நிமிடம்தான். அதே காட்சிகளுக்கு ஜாஸ் இசையோடு ஒரு வடிவம், மின்னணு இசையோடு இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அதே பாலம் வேறு மாதிரி ஆடும்.