ஷெகினா என்றால் மகிமை மட்டும்தானா?

நம்மூர் சபைகளில் "ஷெகினா மகிமை இறங்கட்டும்" என்று ஜெபிப்பதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். ஷெகினா என்பது மனிதரோடு தங்கும் இறைப் பிரசன்னத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல். சபைக்கே அந்தப் பெயரை வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கும் வைக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் யூத மத குருக்களான ரபிகள் ஷெகினாவைப் பற்றி என்னவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தால், நாம் ஒளியையும் மேகத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேமின் இரண்டாம் ஆலயத்தை அழித்தார்கள். ஆலயமே இல்லை, இனி கடவுள் எங்கே இருப்பார்? அந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர்கள் ரபிகள். அதற்கும் முன்னால் முதல் ஆலயம் பாபிலோனியரிடம் விழுந்த காலத்தைப் பற்றி, ரபிகளின் போதனைகளைத் தொகுத்த தால்முத் நூலில் ஒரு பகுதி வரும். ஷெகினா சட்டென்று கிளம்பிவிடவில்லையாம். உடன்படிக்கைப் பெட்டியின் மேலிருந்த கேருபீன் உருவங்களிடமிருந்து வாசற்படிக்கு, பிராகாரத்துக்கு, பலிபீடத்துக்கு, அப்புறம் கூரை, மதில், நகரம், மலை என்று பத்துக் கட்டமாக விலகியதாம். கடைசியில் வனாந்தரத்தில் ஆறு மாதம், ஜனங்கள் மனம் திரும்புவார்களா என்று காத்திருந்ததாம். போக மனசில்லாமல் போகிற கடவுள்! அதோடு விட்டுவிடவும் இல்லை. இஸ்ரவேலர் எகிப்துக்குப் போனார்கள், ஷெகினாவும் கூடப் போனது. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், அங்கேயும் கூடவே இருந்தது என்கிறார் ரபி ஷிமோன் பார் யோகாய்.

என்னை அதிகம் உலுக்கியது நோயாளியைப் பற்றிய ஒரு விதி. நோயாளியின் தலைமாட்டில் ஷெகினா இருக்கிறது, அதனால் பார்க்க வருகிறவர் கட்டிலிலோ நாற்காலியிலோ உட்காரக் கூடாது, போர்த்திக்கொண்டு அடக்கமாக முன்னால் உட்கார வேண்டும் என்கிறது தால்முத். நோயாளி கட்டிலில் படுத்திருந்தால் நாற்காலி பரவாயில்லை, அவரைவிட உயரத்தில் உட்காராமல் இருந்தால் போதும் என்று பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் தளர்த்தினார்கள். யோசித்துப் பாருங்கள், இறைச் சந்நிதியில் காட்ட வேண்டிய மரியாதையை, எழுந்து உட்காரக்கூட முடியாத ஒருவரின் கட்டிலருகே காட்டச் சொல்கிறார்கள். நாமோ ஆஸ்பத்திரிக்குப் போனால் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, நின்றபடியே நாலு வார்த்தை பேசிவிட்டு, மணியைப் பார்க்கிறோம்.

இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த போலந்தின் வார்சா கெட்டோவில் கலோனிமுஸ் கல்மான் ஷபீரா என்று ஒரு ரபி இருந்தார். 1939 செப்டம்பரில் நடந்த குண்டுவீச்சில் மகனைப் பறிகொடுத்தவர். அந்த நிலையிலும் 1942 வரை தன் மக்களுக்குப் பிரசங்கம் செய்தார். கடவுள் உள்ளறையில் அழுகிறார் என்று தால்முத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு, அவருடைய வேதனை எல்லையற்றது, வெளியே வந்தால் இந்த உலகம் தாங்காது, அதனால்தான் உள்ளே மறைந்து அழுகிறார், மனிதனும் அந்த அறைக்குள் போய்ச் சேர்ந்து அழலாம் என்றார். 1943இல் நாஜிகள் அவரைக் கொன்றார்கள். புதைத்து வைத்திருந்த அவருடைய கையெழுத்துப் பிரதிகள் போருக்குப் பிறகு கிடைத்தன.

இதையெல்லாம் ஏற்காத யூதர்களும் உண்டு. ரிச்சர்ட் ரூபன்ஸ்டீன், அவரும் ரபிதான், நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமுக்குப் பிறகு வரலாற்றை நடத்தும் கடவுளை நம்ப முடியாது என்று 1966இல் எழுதினார். அந்தக் கோபம் நியாயமானது. காப்பாற்றாமல் கூட இருந்து என்ன பயன் என்ற கேள்விக்கு ஷபீரா பதில் சொல்லி முடித்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

ஆனாலும் மகிமை இறங்கினால் வியாதி ஓடும், கடன் தீரும் என்று மட்டுமே மேடையில் முழங்குகிறவர்கள், தீராத வியாதிக்காரரின் தலைமாட்டிலும் அதே ஷெகினா இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பேன். சுகம் கிடைக்காதவர்கள் தங்கள் விசுவாசத்தில்தான் ஏதோ குறை என்று மனம் நொந்தே சாகிறார்கள். அப்படிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.