வந்தவர்கள் கண்ணால் பார்க்கிற கல்யாணம்

சென்னையில் இப்போதெல்லாம் முகூர்த்தத்துக்குப் போனால் தாலி கட்டுவதை நேரில் பார்க்க முடிவதில்லை. மேடைக்கு முன்னால் புகைப்படக்காரர்கள் சுவர் எழுப்பியதுபோல் நிற்கிறார்கள். அவர்கள் முதுகைப் பார்த்தபடி, ஓரத்தில் இருக்கும் எல்.இ.டி. திரையை நோக்கி அட்சதை போடுகிறோம். இதில் எனக்குக் கடுமையான வருத்தம் உண்டு.

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் சாட்சிகள். சுயமரியாதைத் திருமணங்களுக்கு அங்கீகாரம் கொடுத்த 1967 சட்டத்திருத்தத்தைப் பாருங்கள். அண்ணா ஆட்சியில் வந்தது. புரோகிதர் வேண்டாம், மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் தாலி கட்டினாலும் போதும். ஆனால் உறவினரோ நண்பர்களோ வேறு யாரோ முன்னிலையில் அது நடக்க வேண்டும். அவ்வளவு எளிமையாக்கிய சட்டம்கூட, பார்க்க வந்தவர்களை விட்டுவிடவில்லை.

என் அக்கா மகளுக்கு வரும் தை மாதம் திருமணம். "சித்தி, பகட்டில்லாமல் அழகாக இருக்க வேண்டும்" என்று மட்டும் கேட்டாள். அலங்காரம் செய்பவர் கொண்டுவந்த படங்களில் ஆர்க்கிட் பூக்களும் கண்ணாடித் தூண்களும் இருந்தன. எந்த ஊர்க் கல்யாணம் என்றே சொல்ல முடியாத படங்கள். வாசலில் குலை தள்ளிய வாழை, தென்னங்குருத்துத் தோரணம், மாவிலை. மணமேடையில் சம்பங்கிச் சரமும் இடையிடையே மரிக்கொழுந்தும். இதற்கு மேல் என்ன வேண்டும்? தைப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறிவிடும். அதைப் பெண்ணின் தலைக்கு வைத்துக்கொண்டு, மேடைக்குச் சம்பங்கியும் சாமந்தியும் கோயம்பேட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

புடவையில் என் பிடிவாதம் கோர்வைதான். காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் வெவ்வேறு நிற இழையில், தனித்தனி நாடாவால் (குறுக்கு இழையைக் கொண்டு செல்லும் தறிக் கருவி) ஓட்டி, சேருமிடத்தில் கோர்த்து நெய்வார்கள். மரபாக இதற்கு நெசவாளரோடு துணைக்கு இன்னொருவரும் தறியில் உட்கார வேண்டும். அரக்கு உடலில் பச்சைக் கரை சேரும் இடத்தை அருகில் போய்ப் பாருங்கள், அந்த நேர்த்தி புரியும். அசல் சரிகை என்பது பட்டிழையில் வெள்ளியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. அதன் மேல் கல்லும் மணியும் தைப்பது நெய்தவரின் உழைப்பை மறைப்பதாகும். மேடை விளக்கும் இதமான மஞ்சளாக இருக்கட்டும். கூசும் வெள்ளை ஒளியில் சரிகை வெளிறிப்போகிறது.

அடுத்தது நாதஸ்வரம். வீதியில் சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற வாத்தியம் அது. அடைத்த ஏ.சி. மண்டபத்தில் அதற்கு எதற்கு மைக்? காதைப் பொத்திக்கொள்ளும் விருந்தினர்கள் நாதஸ்வரத்தைக் குறை சொல்கிறார்கள். குறை ஒலிபெருக்கியில் இருக்கிறது. மைக் இல்லாமல், முகூர்த்தத்துக்கு முன்பு ஒரு ராகத்தை நிதானமாக ஆலாபனை செய்ய நேரம் கொடுங்கள். அப்போதுதான் கெட்டிமேளம் கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். வாசிப்பவர்களுக்கு நல்ல சம்பாவனை கொடுங்கள். கடைசிப் பந்தி வரை அவர்களைக் காக்க வைக்காதீர்கள்.

கோர்வைப் பட்டும் தேர்ந்த நாதஸ்வரக் குழுவும் மலிவாகக் கிடைப்பவை அல்ல. நான் சிக்கனம் பேசவில்லை. செலவு எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெருவில் நல்ல கனமான காகிதம் வாங்கி, மஞ்சள் தடவி, தெளிவான தமிழில் அச்சடித்தால் போதும். பெட்டி வேண்டாம். சாப்பாடு இலையில்.

புகைப்படக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிட்டோம்: மாங்கல்யதாரணத்தின்போது கேமராக்கள் பக்கவாட்டில் மட்டும், அதுவும் உட்கார்ந்தபடி. நாங்களும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்க மாட்டோம். மாப்பிள்ளை வீட்டாரும் மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டார்கள். வரவேற்பில் முழங்கால் வலியோடு வரும் பெரியவர்களை வரிசையில் நிற்க வைக்காமல், மணமக்களே இறங்கி வந்து ஒவ்வொருவரிடமும் பேச வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு இரு வீட்டாரிடமிருந்தும் இன்னும் பதில் வரவில்லை. நான் விடுவதாக இல்லை.